யானைமலையை எழுப்பியவள்

ஈஸ்வரிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ புருஷன் வீட்டுக்குத் திண்டுக்கல் போய் இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. கல்யாணம் முடித்து அனுப்பிய பெண்ணுக்கு அப்பன் எழுதும் கடிதத்தில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாமியாரிடம் பணிவாக இரு, மாப்பிள்ளை மனம் கோணாமல் நட, உடம்பைப் பார்த்துக்கொள். அதையெல்லாம் உன் அம்மா பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லி முடித்துவிட்டாள். எனக்கு எழுத வேண்டியது வேறு. அதை உனக்கு மட்டும் எழுதி உறையில் ஒட்டி அனுப்பினால் போதாது. ஊரறியச் செய்த காரியத்தை ஊரறியத்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். போன வாரம் ஒரு வாரப்பத்திரிகையிலிருந்து ஆள் வந்து, "சார், செவ்வாய் மோகினியை நீங்க எப்படி எழுதுனீங்கன்னு ஒரு கட்டுரை வேணும்" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கட்டுரைக்குப் பதிலாக இதைக் கொடுக்கப் போகிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு இவையெல்லாம் தெரியும், பொறுத்துக்கொள். நான் மதுரையில் ஒரு பஞ்சு மில்லில் டைப்பிஸ்டாக இருந்தேன். பகலில் "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று அடிப்பேன். வீட்டுக்கு வந்ததும் ககனவேந்தன் என்ற பெயரில் மாத நாவல் எழுதுவேன். செல்லையா என்று ஒருவர் கீழ மாசி வீதிப் பக்கம் சின்னதாக அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையும் கோவில் நோட்டீஸும் அடித்தது போக, மாதம் ஒரு நாவல் போடுவார். சாணித் தாள், நடுவில் இரண்டு பின், கையில் எடுத்தால் மை ஒட்டும். அட்டைப்படம் வரைந்தவர் சினிமா பேனர் எழுதுகிறவர். கதையைப் படிக்கவே மாட்டார். "பொம்பள உண்டா? பாம்பு உண்டா? ராக்கெட் உண்டா?" என்று மூன்று கேள்வி கேட்பார். நான் இல்லை என்றாலும் மூன்றையும் போட்டுவிடுவார். என் கதையில் மந்திரவாதி மின்சாரத்தால் பிணத்தை எழுப்புவான். பாதாளத்து ராஜகுமாரி ரேடியோவில் பேசுவாள். கொல்லிமலைச் சித்தர் விண்கலத்துக்கு எரிபொருள் செய்து கொடுப்பார். பஸ்ஸில் போகிறவர்கள் ஏறும்போது வாங்கி, இறங்கும்போது சீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். ஆனாலும் அட்டையில் என் பெயர் இருந்தது. மில்லில் என்னை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள், "டைப்பு" என்பார்கள். எனக்கு அந்த அட்டைதான் முகம்.

நாலைந்து வருஷம் எழுதியபின் என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. நிலாவில் மனிதன் நடந்து வந்து வெகுநாளாகியிருந்தது. நான் இன்னமும் பழைய குகைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் செல்லையா என் கையெழுத்துப் பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. போன மாசமும் இதே பாம்பு, இதே சாமியாருதேன். பயலுக படிக்காமலே கதையச் சொல்றாய்ங்க. வார மாசம் புதுசா ஒண்ணு குடுங்க. இல்லாட்டி நான் வேற ஆளத்தேன் பாக்கணும்."

நம் வீடு இருந்த திருப்பரங்குன்றம் வரைக்கும் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தேன். அந்த வாரத்தில்தான் உன் பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பையைத் திறந்தேன். விஞ்ஞான நோட்டு ஒன்று பழுப்பு அட்டை போட்டுக் கிடந்தது. முன்பக்கம் நெம்புகோல், கப்பி, வெப்பம் கடத்தும் பொருள்கள். திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து ஒரு கதை. தலைப்பு, "கல்லுக்கப்பல்." உனக்கு அப்போது பதிமூன்று வயது.

வைகையில் தண்ணீர் இல்லாத கோடையில் ஒரு சிறுமி குடத்தோடு ஊற்றுத் தோண்டப் போகிறாள். தோண்டத் தோண்ட மணல் உள்ளே சரிகிறது, அவளும் சரிகிறாள். ஆற்றுக்கு அடியில் ஒரு நகரம். அங்கே உள்ளவர்கள் வேறொரு நட்சத்திரத்திலிருந்து வந்தவர்கள். பூமிக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொருவராகக் கல்லாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் ராணி இடுப்பு வரை கல்லாகி, வாய் மட்டும் பேசுகிறாள். அவர்கள் வந்த கப்பல்தான், மேலூர் ரோட்டில் யானை படுத்ததுபோல் கிடக்கும் நம் யானைமலை. அந்தக் கப்பலுக்கு ஒரு பாஷை உண்டு, அது இந்தச் சிறுமிக்கு மட்டும் புரிகிறது. ஏனென்றால் அது தண்ணீர் ஊறும்போது மணலுக்குள் கேட்கும் சத்தம், ஊற்றுத் தோண்டிப் பழகியவர்களுக்குத்தான் காதில் விழும். "யானைமலை படுத்திருக்கவில்லை, காத்திருக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். ஐம்பது நாவல் எழுதிய எனக்கு அப்படி ஒரு வரி வந்ததில்லை. படித்து முடித்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. என் பிள்ளைமேல்தான் எரிந்தது.

நோட்டை மில்லுக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் மில் தாளிலேயே டைப் அடித்தேன். திருடுகிறோம் என்று அப்போது தோன்றவில்லை. என் பிள்ளை, நான் போடும் சோறு, நான் வாங்கிக் கொடுத்த நோட்டு, அப்படியென்றால் உள்ளே இருப்பது மட்டும் யாருடையது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தக் கணக்கை உலகத்தில் நிறைய அப்பன்மார்கள் போடுகிறார்கள். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் நீயும் போட்டுவிடாதே. பிள்ளைக்கு நாம் கொடுத்தது பேப்பர் மட்டும்தான்.

சிறுமியை இருபது வயதுப் பெண்ணாக்கினேன். குடத்தை எடுத்துவிட்டேன். கேப்டன் ரஞ்சித் என்று ஒரு கதாநாயகனை நுழைத்தேன். கடைசி அத்தியாயத்தில் அவன் யானைமலைக்குள் புகுந்து, நெம்புகோலை இழுத்து, கப்பலைக் கிளப்பி, அவளையும் காப்பாற்றித் தாலி கட்டுகிறான். உன் கதையில் அந்தச் சிறுமி தனியாகத்தான் கப்பலைக் கிளப்புவாள். அதற்கப்புறம் எங்கே போனாள் என்று நீ எழுதியிருந்தாய். ஈஸ்வரி, அது எனக்கு நினைவில்லை. வேண்டாத பக்கம் என்று வேகமாகப் புரட்டிவிட்டேன். செல்லையாதான் "செவ்வாய் மோகினி" என்று பெயர் வைத்தார். எந்த நட்சத்திரம் என்று நீ சொல்லவில்லை, அவருக்குச் செவ்வாய் போதுமாக இருந்தது. பேனர்காரர் தலையில் கண்ணாடிக் கோளம் மாட்டிய ஒரு பெண்ணை வரைந்து, கோளத்துக்கு வெளியே மல்லிகைச் சரம் தொங்கவிட்டார்.

இனி சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. டைப் அடித்து முடித்த மறுநாள் காலையில் உன் நோட்டை வெந்நீர் அடுப்பில் வைத்தேன். திருப்பி உன் பையில் போட்டிருக்கலாம். போட்டால் பிற்பாடு யாராவது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று பயந்தேன். அட்டை எரியாமல் சுருண்டது, விறகால் குத்தி உள்ளே தள்ளினேன். அந்த வெந்நீரில்தான் அன்று நீ குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாய். விஞ்ஞான நோட்டைத் தொலைத்ததற்காக டீச்சர் உன்னை ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். வீட்டில் அம்மா, "பொட்டப்புள்ளைக்கு இம்புட்டு மறதியா?" என்று கேட்டு விளக்குமாற்றால் அடித்தாள். நான் முற்றத்தில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தேன். கண்ணாடியில் நீ தெரிந்தாய். "பையிலதாம்மா வச்சேன், சத்தியமா பையிலதான் வச்சேன்" என்றாய். நான் மறுகன்னத்துக்கு நுரை போட்டேன்.

புத்தகம் ஓடியது. அதுவரை ஓடாத ஓட்டம். வாடிப்பட்டியில் உன் தாய்மாமன் டீக்கடையில் சத்தம் போட்டு வாசித்துக் காட்டினானாம். அலங்காநல்லூர் மாட்டுப் பொங்கலுக்குப் போனபோது யானைமலைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எங்கூரு மலையப் போயி கப்பலாக்கிட்டீகளே!" என்றார். நான் சிரித்தேன். உன்னையும் அன்று கூட்டிப் போயிருந்தேன், என் பக்கத்தில்தான் நின்றாய்.

உனக்கு எப்படித் தெரிந்தது என்பதை அம்மா வெகுகாலம் கழித்துச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பெண் தன் அண்ணனின் புத்தகத்தைக் கொண்டுவந்து, சாப்பாட்டு இடைவேளையில் நடுவில் உட்கார்ந்து வாசித்திருக்கிறாள். அவள் ஒரு வரி வாசித்ததும் அடுத்த வரியை நீ சொல்லியிருக்கிறாய். "நீயும் படிச்சிட்டியாடி?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்றிருக்கிறாய். அம்மாவிடம் வந்து அதைச் சொன்னபோது நீ அழவில்லையாம், சிரித்தாயாம். இதையெல்லாம் சொல்லாமல் அம்மா அன்றைக்கே என்னிடம் கேட்டாள்.

"புள்ள எழுதுனத ஏன் தொட்டீக?"

"சின்னப் புள்ள பேருல வந்தா எவன் வாங்குவான்? என் பேருல வந்ததால நாலு பேரு படிக்கிறான். அவளுக்கும் பெருமைதான."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"அப்பன் பிள்ளைகிட்ட மனு போடணுமாக்கும்."

அம்மா அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். உனக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டால் அந்த வீடு அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உன் வீட்டில் அப்படி ஓர் அமைதியை நீ உண்டாக்காதே. வாயைத் திற, சண்டை போடு, சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.

நீயும் அப்போது சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதம் செல்லையா வாசகர் கடிதக் கட்டை என்னிடம் நீட்டினார். பதில் எழுதுவது என் வேலை. அதில் ஒரு தபால் அட்டை. மேலே "ஈ., திருப்பரங்குன்றம்" என்று மட்டும் இருந்தது. அந்த எழுத்தை நான் அறியேனா? "ஆசிரியர் அவர்களுக்கு, ஆறாவது அத்தியாயத்தில் கப்பலின் பாஷை அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் புரியும் என்று வருகிறது. கடைசியில் கேப்டன் ரஞ்சித் எப்படிக் கப்பலை ஓட்டினார்? யானைமலையை எழுப்பியது அந்தப் பெண்தான். தயவுசெய்து திருத்தவும்." இவ்வளவுதான். என்னைத் திருடன் என்று நீ எழுதவில்லை. உன் பெயரைப் போடச் சொல்லவில்லை. கதை தப்பாகிவிட்டது, திருத்துங்கள் என்று கேட்டாய்.

நான் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அதுகூட ஒருவகையில் இரக்கமாக இருந்திருக்கும். "இதையும் போட்ருங்க செல்லையா" என்று கொடுத்து, கீழே பதிலும் எழுதினேன். அது இப்போதும் எனக்கு மனப்பாடம். "கேள்வி கேட்ட தங்கைக்கு: விண்கலம் ஓட்டுவது தாயம் விளையாடுவதல்ல. கதை எழுதுவதும் அப்படித்தான். பள்ளிப் பாடத்தில் கவனம் செலுத்தவும். ககனவேந்தன்." செல்லையா விழுந்து விழுந்து சிரித்தார். "சுருக்குன்னு குடுத்தீகண்ணே" என்றார். நீ சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு சுருக்கென்று எழுத வந்தது. இதழ் வந்த அன்று நீ சாப்பிட்டாய், பாத்திரம் கழுவினாய், பாடம் படித்தாய். என்னைப் பார்த்த பார்வையில்கூட ஒன்றும் தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தேன்.

அதற்குப்பின் என் நாவல் ஒன்றும் ஓடவில்லை. மோகினியைப் போல இன்னொன்று வேண்டும் என்று செல்லையா நச்சரித்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நீ இல்லாத நேரத்தில் உன் பையைத் திரும்பவும் துழாவினேன். ஒவ்வொரு நோட்டையும் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். அல்ஜீப்ரா இருந்தது, ஆற்றுப் பாசன வரைபடம் இருந்தது, வேறெதுவும் இல்லை. பொறுக்காமல் ஒருநாள் உன்னிடமே கேட்டேன்.

"ஏத்தா, இப்பல்லாம் ஏதும் கதை கிதை எழுதுறதில்லையா?"

நீ வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்.

"இல்லப்பா. எழுதுனா தொலைஞ்சு போகுது."

சில மாதங்களில் செல்லையா மாத நாவலையே நிறுத்திவிட்டார். ககனவேந்தன் போனான், டைப்பு மிஞ்சினான். நீ பி.காம். படித்தாய், கூட்டுறவு பேங்கில் வேலைக்குப் போனாய். நல்லபடியாகத்தான் போனது. நான் செய்தது ஒன்றும் பெரிய கேடில்லை என்று நினைக்கும் அளவுக்கு நல்லபடியாகப் போனது. உனக்கு மின்வாரியத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்தார். கல்யாணமும் முடிந்தது. மூன்றாம் நாள் மறுவீட்டு விருந்துக்கு வந்தபோது, சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு வந்த மாப்பிள்ளை பையிலிருந்து ஒன்றை எடுத்தார். செவ்வாய் மோகினி. காலிகோ துணியில் தைத்து பைண்டு செய்து வைத்திருந்தார்.

"மாமா, நீங்கதான் ககனவேந்தன்னு நேத்து மேலூர்ச் சித்தப்பா சொல்லித்தான் தெரியும். எனக்குத் தூக்கமே வரல. ஸ்கூல்ல படிக்கிறப்ப இத எத்தனை தடவ படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. மேலூருக்குப் பஸ்ஸுல போறப்பல்லாம் ஜன்னலோரம் உக்காந்து, மலை இன்னைக்காச்சும் எந்திரிக்குமான்னு பாத்துக்கிட்டே போவேன். ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க மாமா."

நீ வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றாய். நான் சட்டைப் பையைத் தடவினேன், பேனா இல்லை. நீ தட்டை வைத்துவிட்டு உள்ளே போய் உன் பேனாவைக் கொண்டுவந்து, மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாய். நான் ககனவேந்தன் என்று கையெழுத்திட்டேன். சுழியெல்லாம் போட்டு, கீழே கோடும் இழுத்தேன்.

மாப்பிள்ளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒண்ணே ஒண்ணுதான் மாமா. கடைசி மட்டும் ஒட்டல. அந்தப் பொண்ணுக்குத்தான கப்பல் பேசுறது புரியும்? ரஞ்சித் எப்படி ஓட்டுனான்?"

நீ அவரை நிமிர்ந்து பார்த்தாய். பெண் பார்க்க வந்தபோதும் மணவறையிலும் நீ அவரை அப்படிப் பார்த்து நான் காணவில்லை. அந்த நிமிஷம்கூட எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. "அதுவா, பப்ளிஷர் மாத்திட்டாரு மாப்ள. நான் வேற மாதிரிதான் எழுதியிருந்தேன்" என்றேன். உன் கேள்வியைத் தாயம் என்று கேலி செய்தவன், அதே கேள்வி மாப்பிள்ளை வாயிலிருந்து வந்ததும் உன் முடிவையும் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அடுத்த அறைக்குப் போனபின் அம்மா எச்சில் இலைகளை எடுத்தபடியே சொன்னாள். "இன்னைக்கும் புள்ளகிட்ட இருந்து வாங்கிட்டீக."

பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளை டிக்கெட் எடுக்கப் போனபோது நீ என் பக்கத்தில் வந்து நின்றாய். "அவருகிட்ட நான் சொல்ல மாட்டேம்ப்பா. உங்களுக்காக இல்ல. அவரு அந்தக் கதைய அம்புட்டு ஆசையா வச்சிருக்காரு. போயிட்டு வாரேன்" என்றாய். பஸ் போனபிறகு எனக்கு உறைத்தது. இனி உன் வீட்டு அலமாரியில் அந்தப் புத்தகம் இருக்கும். உன் புருஷன் விருந்தாளிகளிடம் எடுத்துக் காட்டுவார், உன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவார். நீ காபி கொடுத்துக்கொண்டு நிற்பாய். என் மரியாதையைக் காப்பாற்றுவது உனக்குச் சீதனமாக வந்திருக்கிறது. அதைச் சுமக்காதே. அதை இறக்கி வைக்கத்தான் இதை எழுதினேன். செவ்வாய் மோகினியில் நல்லது எதுவோ அது ஈஸ்வரி எழுதியது. கேப்டன் ரஞ்சித் மட்டும் என்னுடையவன்.

இதுவரை எழுதி முடித்தபோது, இதுவும் உன் கதைதானே, கேட்காமல் அச்சேற்றினால் மறுபடி அதே வேலைதானே என்று தோன்றியது. அதனால் முதலில் உனக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து நேற்றுத் திரும்பி வந்தது. நீலப் பேனாவால் திருத்தியிருக்கிறாய். பதினான்கு வயது என்று எழுதியிருந்தேன், பதிமூன்று என்று மாற்றியிருக்கிறாய். அம்மா கரண்டியால் அடித்தாள் என்றிருந்ததை விளக்குமாறு என்று ஆக்கியிருக்கிறாய். நோட்டை எரித்ததைச் சொன்ன இடத்தில் ஒரு குறியும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. அடியில் மூன்று வரி. "அவரிடம் நானே சொல்லிவிட்டேன். கப்பல் எங்கே போனது என்று கேட்டார், சொன்னேன். அச்சுக்குக் கொடுங்கள்."

எனக்கு நீ அதை எழுதவில்லை. கேட்க எனக்கு வாயுமில்லை.

உன் திருத்தங்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சேர்த்துத்தான் இந்தப் பிரதியை டைப் அடித்திருக்கிறேன். கடைசிப் பத்தியில், இத்தனை வருஷத்தில் நீ என்னை மன்னித்திருப்பாய் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதன்மேல் ஒரு கோடு போட்டிருந்தாய். அந்த வரியை எடுத்துவிட்டேன்.

அப்பா